இடப்பக்கத்து ஆணி

வேலை எப்படிச் செய்வது என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் இப்போது பூட்டுகிற டொக் லெவலருக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், தகடு தானாக எழும்பி லொறிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. எங்கள் காலத்தில் அதைச் சங்கிலியைப் பிடித்து இழுத்து இறக்கினோம். மற்றபடி விஷயம் அதேதான். களஞ்சியத்தின் மேடை ஓர் உயரம், வருகிற லொறி இன்னோர் உயரம். நடுவிலே இருக்கிற இடைவெளியை ஓர் இரும்புத் தகடு மூட வேண்டும். அந்தத் தகட்டின் மேல் சுமையோடு ஒரு மனிதன் நடப்பான். அதைப் பூட்டியவனை நம்பித்தான் அவன் காலை வைக்கிறான்.

இந்த வேலையில் நான் விட்ட பிழைகள் பல. பெரும்பாலானவை பட்டறையில் நாலு பேர் சிரித்துவிட்டு மறந்துபோனவை. இப்போது சொல்லப் போவதற்கு யாரும் சிரிக்கவில்லை. என் மனைவியிடம்கூட இதை முழுதாகச் சொன்னது கிடையாது. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், என்றைக்காவது ஒரு நாள் நீங்களும் ஒரு வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டி வரும். அன்றைக்கு உங்கள் வாய் எவ்வளவு கனக்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியாது.

அறுபதுகளின் கடைசி. மாத்தளையில் ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மொத்தக் களஞ்சியம் இருந்தது. அரிசி, கோதுமை மா, சீனி எல்லாம் அங்கே வந்து இறங்கி, அங்கிருந்து நாவுல வரைக்கும் கடைகளுக்குப் போகும். நான் டவுனில் ஓர் இரும்புப் பட்டறையில் பாஸ். கொத்து வேலை செய்தாலும் தச்சு வேலை செய்தாலும் இரும்பு வேலை செய்தாலும் கை தேர்ந்தவனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர் முப்பது வயதிலேயே கிடைத்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் களஞ்சியத்தின் மேடை விளிம்பு பார்க்கவே பாவமாக இருக்கும். வருஷக்கணக்காக லொறிகள் பின்னால் வந்து இடித்து இடித்து, சீமெந்து உதிர்ந்து, உள்ளே இருந்த கம்பிகள் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடப்பக்க மூலைதான் மோசம். மூட்டை சுமக்கிற நாட்டாமைகள் அங்கே இரண்டு பலகையைப் போட்டு, சர்க்கஸ்காரர்களைப் போல் நடந்து லொறிக்குள் போவார்கள். களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த சிங்களவரை எல்லோரும் மாத்தயா, அதாவது ஐயா, என்போம். அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயம். மேலிடத்தில் கொழும்பிலிருந்து ஆட்களை அனுப்புவதாகச் சொன்னபோது, மாத்தளையிலேயே செய்யக்கூடிய ஆள் இருக்கிறான் என்று எனக்காக வாதாடி அந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர். கண்டிப்பான மனிதர், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார். மற்றவனும் அப்படித்தான் இருப்பான் என்று நினைப்பார்.

உடைந்த விளிம்பை நல்ல சீமெந்து வரும்வரைக்கும் கொத்தி எடுத்தோம். புதுக் கம்பி கட்டி, தகட்டுக்கான இரண்டு கீல்களின் சட்டத்தையும் அதற்குள்ளேயே இறுக்கி, கொங்கிரீட் போட்டோம். ஒவ்வொரு கீலிலும் ஓர் அடி நீளமான உருண்டை இரும்புத் தண்டு ஒன்று நுழையும். நாங்கள் அதை ஆணி என்போம். அந்த இரண்டு ஆணியிலும்தான் தகடு தொங்கும். கொங்கிரீட் போட்டு முடித்தது வருஷப் பிறப்புக்கு மூன்று நாள் முன்பு.

"ஏழு நாள் போதுமா பாஸ்?" என்று மாத்தயா சிங்களத்தில் கேட்டார்.

ஏன் ஏழு நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டு பிறந்த பிறகு நினைத்த நாளில் வேலைக்குப் போக முடியாது. அதற்கென்று பஞ்சாங்கத்தில் ஒரு சுபநேரம் வரும். அந்த வருஷம் அது கொங்கிரீட் போட்டதிலிருந்து சரியாக ஏழாம் நாள் காலை ஒன்பது மணி சொச்சத்தில் வந்தது. அந்த நேரத்தில் முதல் சுமை புதுத் தகட்டின் மேல் போக வேண்டும் என்பது மாத்தயாவின் ஆசை. கண்டியிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் வருவதாக ஏற்பாடு.

"தண்ணி காயாம இருந்தா ஏழு நாள் போதும் மாத்தயா" என்றேன்.

"எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்களே, யார் தண்ணீர் ஊற்றுவது?"

"நா இரிக்கேன். முஸ்லிம் ஆளு, எனக்கு ஏது வருஷப் பிறப்பு?"

புதுக் கொங்கிரீட்டை ஈரச் சாக்கு போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அதைக் காயவிட்டால் வெளியே கல்லாகவும் உள்ளே மாவாகவும் போய்விடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் ஊற்றினேன். இரண்டாம் நாளும் ஊற்றினேன். மூன்றாம் நாள் அக்குறணையில் என் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகனுக்குக் கல்யாணம். ஒரு நாளில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் போனேன். போனவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நானும் பிடிபட்டு இருக்கத்தான் விரும்பினேன் என்பதை இப்போது மறைக்கத் தேவையில்லை. நல்ல சாப்பாடு, பழைய கூட்டாளிகள், நாலு நாள் ஓடிப்போய்விட்டது.

போகும்போது களஞ்சியத்துக் காவல்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். நாவுல பக்கத்துச் சிங்களவர், வயதானவர், ஒரு பொய் சொல்லத் தெரியாதவர். சாக்கு நனைய நனைய இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஆறாம் நாள் பின்னேரம் வந்து பார்த்தபோது சாக்குகள் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தன. காவல்காரர் அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஊருக்குப் போகவே இல்லை. அவருடைய மனைவி நாவுலயிலிருந்து பஸ்ஸில் பாற்சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு நாளும் அந்த இடத்தை விட்டு அசையாமல் காவல் காத்திருக்கிறார், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

"ஏன் ஊற்றவில்லை?" என்று கேட்டேன்.

"வேலை தொடங்கும் சுபநேரம் நாளைக்குத்தானே? அதற்கு முன்னால் எப்படி வேலையைத் தொடுவது? நாளைக்கு ஒன்பது மணி தாண்டியதும் ஊற்றலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

"காவல் இருப்பது வேலை இல்லையா?"

"அது போன வருஷமே தொடங்கினது" என்றார்.

அவர் அதை அவ்வளவு நியாயமாகச் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மாத்தளையில் பிறந்து வளர்ந்தவன் நான். சுபநேரம் பார்க்கிறவர்கள் அதற்கு முன் மண்வெட்டியைக்கூடத் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? "இதை ஊற்றுவீர்களா, ஊற்றினால் உங்களுக்கு ஏதும் தடை இருக்கிறதா" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. பாஸ் என்ற மரியாதைக்கு அவர் தலையாட்டினார், அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தக் களஞ்சிய வேலையில் சுபநேரம் தடுக்காத ஒரே ஆள் நான்தான். அந்த ஆள் கல்யாண வீட்டில் இருந்தான்.

சாக்கை விலக்கிவிட்டு ஓர் உளி முனையால் விளிம்பைச் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது. சுத்தியலால் தட்டினேன், சத்தம் செத்துப்போய் வந்தது. இடப்பக்கக் கீலுக்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது.

அந்த நேரம் பார்த்து மாத்தயா வந்தார். புத்தாண்டு முகத்தோடு வந்தார். தகட்டைச் சங்கிலியோடு சுவரில் சாய்த்து நிறுத்தி, புது வர்ணம் பூசி வைத்திருந்தோம். அதை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதானே பாஸ்?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டா நல்லம் மாத்தயா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏழு நாள் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"ஓம்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால், கல்யாணத்துக்குப் போனதைச் சொல்ல வேண்டும். எனக்காக மேலிடத்தில் வாதாடியவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காவல்காரர் அந்தப் பக்கம் முக்காலியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. நான் பேசாமல் நின்றேன். மாத்தயா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். காவல்காரரின் தலையாட்டலை நான் எடுத்துக்கொண்டது போலவேதான்.

அவர் போனதும் சின்னையா வந்தான். நாட்டாமைகளுக்குத் தலைவன் அவன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து மூட்டை சுமக்கத் தொடங்கியவன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். நான் எந்த வேலைக்கு அங்கே போனாலும் கூடவே நின்று ஒரு கை கொடுப்பான்.

"பாஸ், நாளைக்கு மொத வண்டி நாந்தாங்க தள்ளுறேன். மாத்தயா சொல்லிட்டாங்க. அதுக்குன்னே இடுப்புல கட்டிக்கப் புதுச் சாரம் ஒண்ணு எடுத்திருக்கேங்க" என்றான்.

"ம்" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. நன்றாகக் கவனியுங்கள். நாளைக்கு அந்தத் தகட்டில் கால் வைக்கப் போகிறவன் என் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறான். காலுக்குக் கீழே இருப்பது மாவு என்று எனக்குத் தெரியும். நான் "ம்" என்றேன்.

அவன் போன பிறகு என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பயந்தவனுடைய மூளை எப்போதும் குறுக்கு வழியைத்தான் கண்டுபிடிக்கும். தகடு சுவரில் சாய்ந்திருந்ததால் ஆணிகளில் பாரம் இல்லை. எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து இடப்பக்கத்து ஆணியைத் தட்டி எடுத்து, பழந்துணியில் சுற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆணி இல்லாமல் தகட்டை இறக்க முடியாது. நாளைக்கு நான் வேண்டுமென்றே பிந்திப் போவேன். ஆணியைக் கடைசலுக்குக் கொண்டுபோனேன், பட்டறை திறக்கவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். சுபநேரம் போய்விடும். பழையபடி தோளில் ஒரு மூட்டையைத் தூக்கி நல்ல நேரத்தை நடத்திக்கொள்வார்கள். அதற்கிடையில் விளிம்பை உடைத்துவிட்டுத் திரும்பப் போட ஏதாவது சாட்டுக் கிடைக்கும். இப்படி எல்லாம் கணக்குப் போட்டேன். அன்றைக்கு இரவு இஷா தொழும்போதுகூட மனம் அந்த ஆணியிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் அலுவிகாரையில் என் வீட்டுக்குக் கிட்டே இருந்த தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தேன். மடியில் பை. சுவரில் மணிக்கூடு. எட்டே முக்கால். ஒரு பிளேன்டீ குடித்தேன், இன்னொன்று சொன்னேன். மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது என்று ரோட்டைப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வேலிக்குத் தூண் நட அலவாங்கால், அந்த நீளக் கடப்பாரையால், குழி தோண்டிக்கொண்டிருந்தான். நாலு குத்துக் குத்திவிட்டு, அலவாங்கை மண்ணில் நிமிர்த்தி நட்டுவிட்டு வியர்வை துடைத்தான்.

நான் அந்த அலவாங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உருண்டை இரும்பு. ஒன்றேகால் அங்குலம் இருக்கும். என் மடியில் கிடந்த ஆணியும் ஒன்றேகால் அங்குலம்.

நாட்டாமைகள் வேலை செய்கிற இடத்தில் அலவாங்குக்கா பஞ்சம். கீலில் ஆணி இல்லை என்றால் கையில் அகப்பட்ட இரும்பை நுழைத்து வேலையை முடிக்கிற கெட்டிக்காரர்கள்தானே நாங்கள் எல்லோரும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். பஸ்ஸைக் காணவில்லை. கடைக்காரருடைய சைக்கிளைக் கேட்டேன்.

"என்ன நானா, வீட்ல யாரும் மவுத்தாப் போயிட்டாங்களா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"இல்ல. இல்லாம இரிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன்.

அலுவிகாரையிலிருந்து டவுனுக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பீடி குடித்து முடிக்கிற தூரம் என்பார்கள். அன்றைக்கு அது முடியவே இல்லை. ஹேண்டிலில் மாட்டிய பைக்குள் ஆணி முழங்காலில் அடித்துக்கொண்டே வந்தது. வழியெல்லாம் வீடுகளில் பட்டாசு வெடித்தது. சுபநேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஓதக்கூட வாய் வரவில்லை.

களஞ்சிய வாசலில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி வந்திருந்தார். மாத்தயா வெள்ளைச் சட்டையோடு அவருக்குப் பக்கத்தில் நின்றார். நாட்டாமைகள் வரிசையாக நின்றார்கள். தகட்டை இறக்கி லொறிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். இடப்பக்கக் கீலிலிருந்து ஓர் அலவாங்கு மூன்று நாலு அடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சின்னையா மூன்று மூட்டை மா ஏற்றிய தள்ளுவண்டியோடு தகட்டின் மேல் காலை வைத்துவிட்டான். புதுச் சாரம், நீலக் கட்டம் போட்டது.

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். ஓடுகிற சுமையை நடுவழியில் நிறுத்தக் கூடாது. தள்ளிக்கொண்டே போனால் அடுத்த மூச்சில் லொறிக்குள் போயிருப்பான். யோசிக்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு, "சின்னையா, நில்லு" என்று கத்தினேன்.

என் குரலைக் கேட்டால் அவன் நிற்பான். அப்படிப் பழகியவன். நின்றான். நின்று திரும்பி என்னைப் பார்த்தான்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த ரொட்டியைப் பிட்டது போல் விளிம்பின் மூலை கழன்று, கீலோடும் அலவாங்கோடும் கீழே இறங்கியது. தகடு இடப்பக்கமாகச் சரிந்தது. மூட்டைகள் உருண்டு விழுந்தன. சின்னையாவின் இடது கால் தகட்டுக்கும் மேடைச் சுவருக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

நான் நிறுத்தாமல் விட்டிருந்தால் அது தாங்கியிருக்குமா? அடுத்த வண்டிக்கு உடைந்திருக்குமா? எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். "நில்லு" என்ற அந்த ஒரு சொல்லை முந்தின நாள் பின்னேரம் சொல்லியிருந்தால் அது நல்ல சொல். ஓர் இரவு பிந்தியதால் அது அவன் காலை நசுக்கியது.

லொறி சாரதி பதறிப்போய் ஏறி என்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். முன்னுக்கு எடுத்தால் கால் விடுபடும் என்று நினைத்தான். தகட்டின் மறு நுனி லொறியில்தான் படுத்திருந்தது. லொறி ஓர் அடி நகர்ந்தால் முழுத் தகடும் அவன் மேல் வந்துவிடும். நான் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன். நாட்டாமைகள் நாலு பேர் தகட்டைத் தூக்க வந்தார்கள். ஒரு பக்கம் தூக்கினால் மறு பக்கம் நெரிக்கும், கை வைக்க வேண்டாம் என்றேன். முதலில் மூட்டைகளை இறக்கினோம். ரயில் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, லொறியின் ஜாக்கியை அதன்மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டை எழுப்பினேன். அப்போது என் கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. உடைந்த பிறகு வருகிற தைரியம் முந்தின நாள் எங்கே போயிருந்தது?

சின்னையா கத்தவில்லை. முகம் வெளிறி, என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். "நிக்கச் சொன்னீங்க பாஸ், நின்னுட்டேங்க" என்று மட்டும் சொன்னான்.

அவனை லொறியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதன் பிறகுதான் மாத்தயா வாயைத் திறந்தார். அதிகாரியிடம், "இவர்களில் எவனோ இரவோடு இரவாக ஆணியைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றிருக்கிறான். அதனால்தான் இப்படி ஆனது. பொலிசுக்குச் சொல்லத்தான் போகிறேன்" என்றார். நாட்டாமைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். காலையிலேயே மாத்தயா அவர்கள் மடியை எல்லாம் அவிழ்க்கச் சொல்லிச் சோதித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சைக்கிள் விழுந்து கிடந்த இடத்திலிருந்து பையை எடுத்துவந்தேன். துணியைப் பிரித்து ஆணியை மாத்தயாவின் கையில் கொடுத்தேன். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். நான்தான் எடுத்தேன். கொங்கிரீட் தண்ணீர் காணாமல் கெட்டுப்போனது எனக்கு நேற்றே தெரியும். தண்ணீர் ஊற்ற வேண்டியவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாத்தயா ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று தாதி சொன்னாள். சின்னையா கண்ணைத் திறந்து என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ஆணி கெடச்சிச்சுங்களா பாஸ்?" என்பதுதான்.

அவனே சொன்னான். "எங்க ஆளுகதான் எடுத்தாங்கன்னு மாத்தயா சொல்லிட்டாங்க. சுபநேரம் தவறிப்போனா பொலிசுன்னாரு. அதான் நா ஓடிப்போயி அலவாங்கு கொண்டாந்து சொருகினேங்க. வேல நடந்துட்டா கோவம் ஆறிடும்ல. நானே மொதல்ல போறேன்னும் சொன்னேங்க."

அலவாங்கை நுழைத்தவன் அவன்தான். நான் ஒளித்த ஆணிக்காகத் தன் கூட்டத்தைக் காப்பாற்ற நுழைத்திருக்கிறான்.

"ஆணி என்னிட்டத்தான் இருந்திச்சு" என்றேன். "நாந்தான் எடுத்தேன். அந்த மூல உடையும்னு தெரிஞ்சு எடுத்தேன்."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "நேத்தே தெரியுங்களா?"

"தெரியும்."

"நா சாரம் எடுத்தேன்னு சொன்னப்பவா?"

"அப்பவும் தெரியும்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் திரும்பவில்லை.

பட்டறையில் என்னைக் கொஞ்ச மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அது நியாயம். அந்த விளிம்பு அப்படியே கிடந்தது, பழையபடி பலகைதான். கடைசியில் மாத்தயாவே ஆள் அனுப்பினார். "கெடுத்தவர் நீங்கள், நீங்களே வந்து சரி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். போனேன். மூலையை முழுதாக உடைத்து எடுத்தேன். புதிதாகப் போட்ட பிறகு இருபத்தெட்டு நாள் நானே தண்ணீர் ஊற்றினேன். மழைக் காலம் தொடங்கியிருந்தது. மழை பெய்யும்போதும் வாளியோடு நிற்கிற என்னைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். நோன்பும் வந்துவிட்டது. வறண்ட தொண்டையோடு கொங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காவல்காரர் வந்து ஒரு வாளியைப் பிடிக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன், அவர் மனம் நோகாமல்தான் சொன்னேன்.

இருபத்தொன்பதாம் நாள் தகட்டை இறக்கி, ஆளில்லாமல் இரண்டு மடங்கு சுமையை ஏற்றி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். விளிம்பில் நூல் அளவுக்குக்கூட அசைவில்லை. அடுத்த நாள் காலையில் லொறி வந்தது. சுபநேரம் ஒன்றும் இல்லை, அதிகாரியும் இல்லை. மாத்தயாவும் நாட்டாமைகளும் மட்டும் நின்றார்கள்.

சின்னையா அந்தக் கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்னோடு அவன் பேசியதில்லை. மூட்டை ஏற்றிய வண்டியை அவனே தள்ளிக்கொண்டு வந்து, தகட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினான். நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"பாஸ், போகலாங்களா?"

எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். நானே ஊற்றியது, நானே சோதித்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் துணியவில்லை. அவன் காலைப் பார்த்தேன். பிறகு முன்னால் போய் வண்டியின் பிடியில் கை வைத்தேன். "வெலகு, மொதல்ல நா தள்ளிட்டுப் போறேன்" என்றேன்.

அவன் பிடியை விடவில்லை.

"நீங்க போக வேணாங்க" என்றான். மாத்தயாவும் மற்றவர்களும் கேட்கத்தான் சொன்னான். "போறது எங்க வேல. நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க. அன்னைக்கும் நீங்க சொல்லியிருந்தா கேட்டிருப்பேங்க."

நான் பிடியிலிருந்து கையை எடுத்தேன். பக்கத்தில் தள்ளி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "போகலாம் சின்னையா" என்றேன்.

அவன் தள்ளிக்கொண்டு போனான்.